ஆயிரம் ஆண்டுக்கு ஓர் அடி

சாமி இல்லாத மலையில் நம்மவர்கள் ஏறுவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொல்கிறேன். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குப் போய்ப் பாருங்கள். முந்நூற்று அறுபத்தைந்து படிகளும் கண்ணுக்குத் தெரியாது, தலைகள்தான் தெரியும். அதே திருத்தணிக்குப் போகும் வழியில், இடப்பக்கமும் வலப்பக்கமும் எத்தனையோ குன்றுகள் நிற்கின்றன. அவற்றின் பெயர் என்னவென்று பஸ்ஸில் யாரும் கேட்பதில்லை. முருகன் குடியேறாத குன்று நமக்கு வெறும் கல்.

வெள்ளைக்காரர்கள் விஷயம் வேறு. ஸ்காட்லாந்திலும் யார்க்ஷயரிலும் மொட்டைக் குன்றுகள் இருக்கின்றன. மரம் கிடையாது, புல்லும் சதுப்பும், ஹெதர் என்ற ஒரு குத்துச் செடியும்தான். கோயில் இல்லை, குளம் இல்லை, காப்பிக் கடை இல்லை. அப்படிப்பட்ட குன்று ஒன்றின்மேல் கையில் தடியும் பையில் ரொட்டியுமாக ஒருவர் நாள் முழுவதும் நடப்பார். திரும்பி வந்ததும் அதைப் பற்றி முந்நூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதிவிடுவார். அத்தகைய புத்தகங்கள் சிலவற்றை இளமையில் படித்திருக்கிறேன். ‘இந்த மனிதருக்கு வீட்டில் வேலை ஒன்றும் இல்லையா?’ என்றுதான் அப்போது தோன்றியது.

சென்ற மார்கழியில் அப்படி ஒரு மலையில் நானே நடந்துவிட்டு வந்தேன். ஒரு லாரி கிராவல்தான் என்னை அங்கே அனுப்பி வைத்தது.

என் நண்பர் ஒருவர் மண்ணூரில் மனை வாங்கியிருக்கிறார். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருஞ்சாலையில் தண்டலத்தில் வடக்கே திரும்பினால், பேரம்பாக்கம் போகும் பாதையில் மண்ணூர் வரும். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். கொஞ்சம் தெற்கே ஒரகடம். ராமானுஜர் 1017-இல் அவதரித்த ஊர் என்று ஸ்ரீபெரும்புதூரைச் சொன்ன காலம் போய், கார் செய்கிற ஊர் என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது. அதன்பின் ஏரிக்கரை, வயல், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாவற்றுக்கும் நடுவே தகரக் கூரைகள் எழும்பத் தொடங்கின. இரவில் மண்ணூரில் நின்று பார்த்தால் நான்கு திசையிலும் வானம் வெளுத்திருக்கிறது. விடியற்காலை என்று நினைத்துக் கோழி கூவினால் கோழியின்மேல் குற்றமில்லை.

நண்பரின் மனை பள்ளமாக இருந்தது. மேடாக்குவதற்கு எங்கிருந்தோ டிப்பர் லாரியில் கிராவல் வந்து இறங்கிற்று. நல்ல செம்மண் சரளை. இரும்புத் துருவைக் குழைத்து உருட்டிவிட்டாற்போன்ற செம்பூரான்கல் துண்டுகளும், அவற்றுக்கு நடுவே வெளிறிய கூழாங்கற்களும் கலந்திருந்தன. நண்பர் லாரிக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். சும்மா நிற்பதற்குப் பதில் நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். உள்ளங்கை அளவு; ஒரு முனை கூர்மை; மாங்கொட்டை போன்ற வடிவம். ஒரு பக்கத்தில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

என் நெஞ்சு படபடத்தது என்று சொன்னால் நேயர்கள் சிரிப்பீர்கள். ஆனால் காரணம் இருக்கிறது.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, கத்திரி வெயில் கழிந்தும் கழியாத ஒரு நாளில், பல்லாவரத்தில் ராணுவக் கவாத்து மைதானத்தருகே, கிராவல் எடுப்பதற்காக வெட்டிய ஒரு குழியில் ஓர் இளைஞர் குனிந்தார். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். வயது இருபத்தெட்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்து, சென்னை ராஜதானியின் பாறைகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர். குழியிலிருந்து அவர் எடுத்த கல்லை மழையோ ஆறோ உருட்டிச் செதுக்கவில்லை; மனிதன் வேண்டுமென்றே சில்லுகளைப் பெயர்த்துக் கூராக்கியிருந்தான். கைக்கோடரி என்று அதற்குப் பெயர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அந்தக் கல்தான். அதுவரையில் பாரதத்தின் சரித்திரம் என்றால் வேதத்திலோ அலெக்சாந்தரிலோ தொடங்குவது வழக்கம். அன்றைக்கு அந்தத் தொடக்கம் சட்டென்று பின்னே போய்விட்டது. எவ்வளவு பின்னே என்பது ஃபூட்டுக்கே தெரியாது.

அந்த மைதானத்தில் அவருக்கு முன்னால் எத்தனை சிப்பாய்கள் நடந்திருப்பார்கள்! எத்தனை கூலிக்காரர்கள் அந்தக் குழியிலிருந்து கூடை கூடையாகக் கல்லை அள்ளியிருப்பார்கள்! ஒருவருக்கும் தெரியாதது அவருக்கு மட்டும் தெரிந்ததன் காரணம் மந்திரமல்ல. பிரான்சு தேசத்தில் அபெவில் என்ற ஊரில் பூஷே த பெர்த் என்று ஒரு சுங்க அதிகாரி இருந்தார். ஆற்றோரச் சரளைக் குழிகளில் இத்தகைய கற்களைப் பொறுக்கிச் சேர்த்து, ‘பிரளயத்துக்கு முந்திய மனிதன் செய்தவை இவை’ என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பண்டிதர்கள் அவரைக் கேலி செய்தார்கள். 1859-இல் இங்கிலாந்திலிருந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, கிழவர் சொல்வது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதே 1859-இல்தான் டார்வினின் புத்தகமும் வெளிவந்தது. இந்தச் செய்திகளைப் படித்து, ‘நம் சரளைக் குழிகளிலும் கிடைக்குமோ?’ என்ற கேள்வியைச் சுமந்துகொண்டு ஃபூட் அலைந்துகொண்டிருந்தார். கேள்வி இருந்ததால் கல் கண்ணில் பட்டது.

நான்கு மாதத்துக்குப் பிறகு, செப்டம்பர் 28-ஆம் தேதி, அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அப்பால் அத்திரம்பாக்கம் என்ற கிராமத்து ஓடையில் இறங்கினார்கள். பல்லாவரத்தில் கிடைத்தது ஒரு கல். இங்கே அள்ளிக்கொள்ளக் கிடைத்தன. ‘சென்னைக் கைக்கோடரி’ என்று உலகத்து ஆராய்ச்சி நூல்களில் நம் ஊர்ப் பெயர் ஏறியது இப்படித்தான். ஊர்ப் பெயரில் ‘அத்திரம்’ இருப்பதைப் பார்த்து, அது அஸ்திரம்தான் என்று என்னைப் போன்ற கதைக்காரர்கள் துள்ளலாம். கல்வெட்டுக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஃபூட்டுக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். இளைஞராயிருந்த ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். பிறகு சென்னைக்கு வந்து ‘தினவர்த்தமானி’ என்ற பத்திரிகை நடத்தியவர். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் அச்சிட்டார். மாமனார் கிழவிகள் வாயிலிருந்து பழமொழி பொறுக்கினார்; மருமகன் ஓடையிலிருந்து கல் பொறுக்கினார். ஏற்காட்டில் ஒரே வீட்டுத் தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்து அன்றன்று பொறுக்கியதைக் காட்டிக்கொண்டிருப்பதுபோல் நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. ஃபூட் சேர்த்த கற்களும் பானை ஓடுகளும் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. எழும்பூருக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். ஐம்பொன் நடராஜரைப் பார்க்கப் போகிறவர்களில் பத்தில் ஒருவராவது இந்தப் பக்கம் திரும்புவாரா என்பது சந்தேகம்.

மண்ணூருக்குத் திரும்புவோம். என் கையிலிருந்த கல்லை, விஷயம் தெரிந்த ஓர் இளைஞரிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். “சார், இது மனுஷன் உடைச்சது இல்லை. பொக்லைன் உடைச்சது” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, “உண்மையானதைப் பார்க்கணும்னா குடியம் மலைக்குப் போய் நடந்துவிட்டு வாங்க” என்றார்.

போனேன்.

மண்ணூரிலிருந்து வடக்கே போகும் பாதையில் முதலில் மப்பேடு வருகிறது. அங்கே சிங்கீசுவரர் கோயில் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கட்டியது, ஆண்டு 967 என்கிறார்கள். சோழ சரித்திரக் கதைகளைப் படித்துப் படித்து ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்னும் தூக்கம் கெட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள், அவன் பெயரோடு சம்பந்தப்பட்ட கோயில் கார்த் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். ஓர் அரச குமாரன், ஒரு பெயர், ஓர் ஆண்டு. கதைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

கடம்பத்தூர், திருவள்ளூர் தாண்டிப் பூண்டி. கொசத்தலையாற்றின் குறுக்கே அணை கட்டிச் சென்னைக்குக் குடிநீர் தேக்கிய இடம். சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது முயன்று கொண்டுவந்த திட்டம். 1940-இல் அடிக்கல் நாட்டி, 1944-இல் திறந்தார்கள். சத்தியமூர்த்தியோ 1943-இலேயே காலமாகிவிட்டார். தண்ணீரைப் பார்க்காதவர் பெயர் தண்ணீருக்கு நிலைத்தது. அந்த நீர்ப்பரப்புக்குள் திருவெண்பாக்கம் என்ற பாடல் பெற்ற தலம் மூழ்கிற்று. சுவாமியை வேறிடத்துக்கு எழுந்தருளப் பண்ணினார்கள். சங்கிலியாரைப் பிரிந்து கண்ணிழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் அது. கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுத்தார் என்று சுந்தரருக்கு வருத்தம். மலையேறப் போகிற எனக்கு அந்த வரமே போதும் என்று தோன்றியது. பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் கைக்கோடரிகளை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பொக்லைன் உடைத்த கல்லுக்கும் மனிதன் உடைத்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது புலப்படும்.

குடியம் சிறிய ஊர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரமாதலால் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரும். ஊரைத் தாண்டியதும் காப்புக் காடு. வனத்துறையாரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வழிகாட்ட வந்தார். எழுபது வயதிருக்கும். செருப்பில்லாத கால்.

“எவ்வளவு தூரம் பெரியவரே?” என்றேன்.

“என் காலுக்கு ஒரு மணி நேரம். உங்க காலுக்கு எனக்குத் தெரியாது ஐயா” என்றார்.

அல்லிக்குழி மலை என்று இந்தத் தொடருக்குப் பெயர். மலை என்பது மரியாதைக்காக. பொதிகையையும் நீலகிரியையும் பார்த்தவர்கள் இதை மேடு என்பார்கள். ஓங்கிய மரம் இல்லை, அருவி இல்லை. காரையும் களாவும் சூரை முள்ளும் இடுப்பளவு, தோளளவு வளர்ந்து பாதையை நெருக்குகின்றன. மழைக்காலம் முடிந்திருந்ததால் பச்சை பிடித்திருந்தது. மயில் ஒன்று எங்கோ அகவிற்று. அதற்குப் பிறகு வந்த அமைதி, மண்ணூரின் லாரிச் சத்தத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த என் காதில் ஓர் ஓசை போலவே விழுந்தது. எதிரே யாரும் வரவில்லை. நாங்கள் போய் வந்த நேரம் முழுவதும் வேறு மனிதரைப் பார்க்கவில்லை.

காலடியில் கற்கள். அவைதான் இந்த மலையின் விசேஷம். குவார்ட்சைட் என்னும் மிகக் கெட்டியான கல், முட்டையளவிலிருந்து பூசணிக்காயளவு வரை உருண்டு திரண்டு கிடக்கிறது. கடலை உருண்டையில் வெல்லப் பாகு கடலையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல், இறுகிய மண் இந்த உருண்டைக் கற்களைப் பிடித்து வைத்திருக்கிறது. முழு மலையும் அப்படித்தான். கடலை உருண்டையைச் செய்தவை, ராட்சதப் பல்லிகள் உலவிய யுகத்து ஆறுகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில் இலைகளின் அச்சு படிந்து கிடைக்கிறதே, ஏறக்குறைய அந்தக் காலம். பாகு கரைந்து மழையில் கற்கள் உதிர்கின்றன. ஓடைகள் அவற்றைக் கீழே உருட்டுகின்றன. ஆயுதம் செய்ய நினைத்தவனுக்கு மலையே கிடங்காக இருந்தது.

எத்தனை காலத்துக்கு முன்? ஃபூட்டுக்குத் தெரியாது என்றேன் அல்லவா? கேள்விக்கு விடை கிடைக்க ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று. 1999-லிருந்து சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். பல மீட்டர் ஆழத்தில், கைபடாத களிமண் படுகையில், ஆயிரக்கணக்கான கற்கருவிகள் கிடைத்தன. குதிரையினம், எருமையினம் ஆகியவற்றின் பற்கள் கிடைத்தன. மனித எலும்பு மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கல்லுக்கு ஜாதகம் கணிப்பது சுவாரசியமான வித்தை. வானவெளியிலிருந்து ஓயாமல் கதிர்கள் பொழிந்துகொண்டிருக்கின்றன. அவை தரையில் கிடக்கும் கல்லைத் தாக்கும்போது, அலுமினியத்திலும் பெரிலியத்திலும் அபூர்வமான இரண்டு வகைகள் கல்லுக்குள் அணு அணுவாகச் சேர்கின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்துவிட்டால் வரவு நின்றுபோகும். செலவு மட்டும் நடக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் கரைகின்றன. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு வீட்டில் அரிசியும் உப்பும் எவ்வளவு மீதமிருக்கின்றன என்று பார்த்து, வீட்டுக்காரர் ஊருக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று சொல்கிறார்களே, அதைப்போல. அத்திரம்பாக்கத்துக் கணக்கு 2011-இல் வெளியாயிற்று: சுமார் பதினைந்து லட்சம் ஆண்டு.

பஞ்சாங்கப்படி பார்த்தால் கலியில் ஐயாயிரத்துச் சொச்சம், துவாபரம் எட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம். பதினைந்து லட்சம் என்பது திரேதா யுகத்தில் போய் விழுகிறது; ராமன் வில் பிடித்த யுகம். பஞ்சாங்கக்காரர் மகிழ்ச்சியடைய வேண்டாம். வில்லை எல்லாம் மனிதன் கண்டுபிடித்தது மிகவும் பிற்காலத்தில்.

லட்சம் என்று வாயால் சொல்கிறோம், மனசில் ஏறுகிறதா? எனக்கு ஏறவில்லை. ஆகையால் மலைப் பாதையில் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். ஆயிரம் ஆண்டுக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் அடி வைத்தேன். ராஜராஜன் தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டி முடித்துவிட்டான். இரண்டாவது அடியில் சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அடி வைப்பதற்குள் தமிழில் எழுத்து நின்றுவிட்டது. ஐந்தாவது அடிக்குள் மொகஞ்சதாரோ. பத்துப் பன்னிரண்டாவது அடியில் உலகத்தில் எங்கும் ஏர் இல்லை, நெல் இல்லை, ஊர் இல்லை. நான் இதுவரை எழுதிய சரித்திரக் கதைகள் எல்லாம் இரண்டாவது அடி முடிவதற்குள் அடங்கிவிட்டன. திரும்பிப் பார்த்தேன். புறப்பட்ட இடத்தில் ஒரு காரைச் செடி. அதன் முள்ளில் சிக்கிய என் துண்டை எடுத்துக்கொண்டு பெரியவர் நின்றிருந்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது.

எண்ணிக்கொண்டே நடந்தேன். முந்நூறாவது அடி ஒரு பாறைத் திட்டில் விழுந்தது. நம் போன்ற மனிதன், இன்று பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பாடம் படிக்கக்கூடிய மனிதன், உலகத்தில் இருந்ததற்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்புகள் அந்த அளவில் நிற்கின்றன, மொராக்கோவில் கிடைத்தவை. அதற்கு அப்பால் எண்பத்தைந்து அடி தாண்டியபோது இன்னொரு செய்தி நினைவுக்கு வந்தது. 2018-இல் அதே குழுவினர் வெளியிட்டது: அத்திரம்பாக்கத்தில் ஏறக்குறைய மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம் ஆண்டுக்கு முன்பே பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, நுட்பமான சிறு கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சில்லு எந்த வடிவத்தில் பெயரவேண்டும் என்று முதலில் யோசித்து, அதற்கேற்றபடி கல்லைத் தயார் செய்துகொண்டு, பிறகு ஒரே அடி. இந்த வித்தை ஆப்பிரிக்காவிலிருந்து நம்மவர்கள் வெகு பிற்காலத்தில் கொண்டுவந்தது என்று புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆக, செய்தவர்கள் யார்? நம் இனமா? பதினைந்து லட்சம் ஆண்டுக்கு முன்னே இருந்தவர்கள் நிச்சயமாக இல்லை. நிமிர்ந்து நடந்த வேறு ஓர் இனம்; நம் பெரியப்பா முறை என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்திய மண்ணில் அத்தகைய பழைய மனிதனின் மண்டையோடு என்று உறுதியாகச் சொல்லக் கிடைத்தது, 1982-இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கண்டெடுத்த ஒன்றுதான். இங்கே கல் மட்டும் பேசுகிறது.

அறுநூறுக்குமேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. மூச்சு வாங்கிற்று. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எதை எண்றீங்க ஐயா?” என்றார் பெரியவர்.

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்பவும் இந்த வழியிலேதான் வந்திருப்பாங்க. வேற வழி கிடையாது” என்றார். நான் படித்த ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் இல்லை.

குகை என்று சொல்கிறார்களே தவிர, அது இருட்டுப் பொந்து அல்ல. மலை தன் நெற்றியை முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கீழே ஒரு பெரிய திண்ணை. மேற்கூரை முழுவதும் அந்தக் கடலை உருண்டைப் பாறைதான். ஒவ்வொரு கல்லும் இப்போது விழட்டுமா, இன்னும் லட்சம் ஆண்டு கழித்து விழட்டுமா என்று கேட்பதுபோல் தொங்கிக்கொண்டிருக்கிறது. உயரத்தில் மலைத் தேனீயின் அடைகள், முறம் முறமாக. “பேசாம வாங்க” என்று பெரியவர் ஜாடை காட்டினார். திண்ணையின் ஓரத்தில் மஞ்சள் பூசிய கல், குங்குமம், காய்ந்த மாலை.

சாமி இல்லாத மலை என்று நினைத்தேன் அல்லவா? அம்மன் எனக்கு முந்திக்கொண்டுவிட்டாள். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்தக் கல்லையும் யாரோ ஒருநாள் இந்த மலையிலிருந்து ‘இது மற்றக் கல்லைப் போல் அல்ல’ என்று பொறுக்கித்தானே எடுத்திருக்க வேண்டும்?

1962-லிருந்து 1964 வரை மத்தியத் தொல்பொருள் துறையைச் சேர்ந்த கே. டி. பானர்ஜி இந்தத் திண்ணையில் குழி வெட்டிப் பார்த்தார். குடும்பம் குடும்பமாக வாழ்ந்த அடையாளம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்த கருவிகள் சொற்பம். வீடாக வைத்துக்கொண்டு வாழ்ந்த இடமாகத் தெரியவில்லை. மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள், கல் எடுக்க வந்தவர்கள் ஓர் இரவு தங்கியிருப்பார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அவர்களும் என்னைப்போல் வந்து போனவர்கள்.

கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் புதர்க்காடு. தூரத்தில் பூண்டி நீர் ஒரு வெள்ளிக் கீற்று. அங்கே உட்கார்ந்து, எழுத்தாளன் புத்தி போகாதாகையால், இவர்களை வைத்து ஒரு கதை எழுத முடியுமா என்று யோசித்தேன். முடியாது. மப்பேட்டில் நின்றபோது ஐந்து நிமிஷத்தில் ஒரு நாவலே மனசில் ஓடிற்று. பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது, கொலை இருந்தது. இங்கே ஆறாயிரம் தலைமுறை அல்ல, அறுபதினாயிரம் தலைமுறை இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்? கூப்பிட்டுக்கொண்டார்களா? தாய் பிள்ளையைக் கடிந்துகொண்டாளா? எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், ஒருவன் கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, இங்கே அடித்தால் இப்படிப் பெயரும் என்று முன்கூட்டியே நினைத்தான் என்பது. அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் பொய்.

நாம் பழைய குடி என்று மேடையில் முழங்குகிறோம். கல்லையும் மண்ணையும் சாட்சிக்கு இழுக்கிறோம். அந்தக் கல்லும் மண்ணும் இங்கே இருக்கின்றன. நம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் தமிழர் அல்லர், இந்தியர் அல்லர், நம்மைப் போன்ற மனிதரே அல்லர். கொண்டாடுவதற்கு உரிமை இல்லாத ஒரு முன்னோரை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழும்பூரில் நடராஜரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம் போலிருக்கிறது. ஆனால் கவாத்து மைதானத்துக்குக் கிராவல் தோண்டியபோது கிடைத்த ஒன்று, தொழிற்சாலைக்குக் கிராவல் தோண்டும்போதும் கிடைக்கலாம். அன்றைக்கு மண்வெட்டி, கூடை நிறைவதற்குள் ஒருவர் குனிந்து பார்க்க நேரம் இருந்தது. இன்றைக்குப் பொக்லைன் ஒரு வாயில் அள்ளுவது அன்றைக்கு ஒருவர் வெகு நேரம் வெட்டினாலும் சேராது. தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதில் வேலை செய்கிற பிள்ளைகளை மண்ணூரில் தினம் பார்க்கிறேன். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிறார்கள். லாரி கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் குனிந்து பார்த்தால் தேவலை என்றுதான் படுகிறது.

இறங்கும்போது பாதையோரத்தில் அது கிடந்தது. இந்தத் தடவை சந்தேகமே இல்லை. பூண்டியில் பார்த்த அதே வடிவம், இருபுறமும் சில்லுப் பெயர்த்த தழும்பு, பழுப்பேறிய மேனி. எடுத்தேன். விரல்கள் தாமாகவே வந்து அதன் பள்ளங்களில் உட்கார்ந்தன. ஐந்து நிமிஷம் வைத்திருந்தேன்.

“அது அங்கேயே இருக்கட்டும் ஐயா” என்றார் பெரியவர்.

“தெரியும் பெரியவரே” என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மண்ணூருக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. நண்பரின் மனையில் கிராவலைப் பரப்பி முடித்திருந்தார்கள். மறுநாள் ரோலர் வருகிறதாம். ஒரு மூலையில் பரப்பாத குவியல் கொஞ்சம் மிச்சமிருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துத் திருப்பிப் பார்த்து இன்னொரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பரின் மனைவி காப்பித் தம்ளரோடு வெளியே வந்தார்.

“என்ன அண்ணா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?”

“இல்லை அம்மா” என்றேன். “இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.”